குட்டி யானைக்கு வைத்தியமா, வழியனுப்பா?

யானை வளர்ப்பது ராஜாக்களுக்கும் கோயில்களுக்கும்தான் கட்டுப்படியாகும் என்பார்கள். ஆனால் இன்றைக்குச் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள் வாசலில் யானை கட்டி வாழ்கின்றன. அந்த யானைக்குத் தும்பிக்கை கிடையாது. நாலு சக்கரம் உண்டு. கரும்பு கேட்காது, டீசல் கேட்கும். ஆம், குட்டி யானையைத்தான் சொல்கிறேன்!

2005-ம் ஆண்டு டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற பெயரில் ஒரு சின்னஞ்சிறு லாரியை விற்பனைக்கு விட்டது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். பெரிய லாரி நுழைய முடியாத சந்தில் அது நுழைந்தது; மூன்று சக்கர வண்டி திணறுகிற பாரத்தைச் சுமந்தது. வடக்கே அதைச் 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம் ஊரில் அது 'குட்டி யானை' ஆயிற்று. 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. பிறகு இன்னும் எத்தனையோ வந்தன. கம்பெனி எதுவானால் என்ன? தெருவில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குக் குடிபோன காய்கறி மார்க்கெட்டின் வாசலில் விடியற்காலையில் நின்று பாருங்கள். குட்டி யானைகளின் ஊர்வலமே நடக்கும். உங்கள் தெருக்கடைக்கு வரும் தக்காளியும், வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கேனும், கல்யாணத்துக்கு வரும் வாடகைப் பாத்திரமும் இதன் முதுகில்தான் வருகின்றன. வீடு மாற்றும்போது பீரோவோடும் கட்டிலோடும் துளசி மாடம் பயணம் போவதும் இதில்தான்.

அந்த யானைகளில் பலவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. அதனால் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்புகிறது:

"ஏம்மா, இன்ஜின் வேலை செய்யணுமாம். எழுபதாயிரம் கேட்கிறான். அந்தப் பணத்தைப் பழசுல கொட்டறதுக்குப் பேசாம புதுசு எடுத்துடலாமா?"

"எடுக்கலாங்க. முன்பணத்துக்கு என்ன பண்றது?"

அவர் பதில் சொல்வதில்லை. அவருடைய பார்வை மெதுவாக அந்த அம்மாளின் கையில் கிடக்கும் வளையல்கள் மேல் போய் நிற்கிறது.

இதனால்தான், சகோதரிகளே, இந்த விஷயத்தை உங்களிடம் சொல்ல வந்தேன். "வண்டி சமாசாரம் ஆண்பிள்ளைகள் பாடு" என்று நீங்கள் ஒதுங்கிக் கொள்ள முடியாது. கேள்வி பட்டறையில் பிறந்தாலும், அதற்குப் பதில் உங்கள் பீரோவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது!

நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: "யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்." பழைய வண்டி அசைந்து தின்கிற யானை. இன்றைக்குக் கிளட்ச், நாளைக்கு ரேடியேட்டர் என்று அது தின்பது கண்ணுக்குத் தெரியும், கோபமும் வரும். புது வண்டியின் கடனோ அசையாமல் தின்னும். சத்தமில்லாமல் மாதா மாதம் அது தின்பதைப் பார்த்துக் கோபப்பட யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த இரண்டில் எது அதிகம் தின்கிறது என்று பார்க்காமல், கடைசியாக வந்த ரிப்பேர் பில்லைப் பார்த்து ஆத்திரத்தில் முடிவு செய்கிறவர்கள்தான் அநேகம் பேர்.

முதலில் எலும்பைப் பாருங்கள்

வண்டியில் மாற்றக்கூடியவை உண்டு. மாற்ற முடியாததும் உண்டு. கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் பட்டை, டயர், பேட்டரி எல்லாம் மாற்றக்கூடியவை. இன்ஜினையே பிரித்து, தேய்ந்த சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் அது மறுபடியும் வேலை செய்யும். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் கிடைக்காத பழைய சாமான் உண்டா?

ஆனால் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் அப்படியல்ல. அதுதான் யானையின் முதுகெலும்பு. அது துருவேறி இற்றுப் போனாலும், விரிசல் விட்டாலும், மேலே எத்தனை ஆயிரம் கொட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதைத் தின்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டியானால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நாள் தவறாமல் அடிச்சட்டத்தில் ஊறுகிறது.

ஆகவே எந்த வேலைக்கும் ஒப்புக் கொள்வதற்கு முன், வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இரும்பு 'டங்'கென்று பதில் சொல்லும். இற்ற இரும்பு 'சொத்'தென்று ஊமையாகிவிடும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். பழைய வெல்டிங் தையல் போல வரிசையாக இருந்தால், அந்த எலும்பு ஏற்கெனவே முறிந்து ஒட்டியது என்று அர்த்தம்.

சட்டம் போய்விட்டதென்றால் மேலே கணக்கே வேண்டாம். வழியனுப்பிவிட வேண்டியதுதான். சட்டம் கெட்டியாக இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

புகை சொல்லும் சேதி

அடுப்புப் புகையை வைத்தே விறகு ஈரமா, காய்ந்ததா என்று சொன்னவர்கள் நம் பாட்டிமார்கள். வண்டியின் புகையும் அப்படித்தான் சேதி சொல்லும்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் பீச்சும் இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். பெரும்பாலும் சின்னச் செலவோடு போகும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. இது பெரிய வேலை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், தண்ணீர் உள்ளே புகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை வெளியே எடுத்தால், ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டன. அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது.

இவ்வளவு எதற்கு நாம் தெரிந்து கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். "முழு இன்ஜினையும் இறக்கணும்" என்று மெக்கானிக் சொல்லும்போது, "எந்தக் கலரில் புகை வருதுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதி பில் அங்கேயே குறைந்தாலும் ஆச்சரியமில்லை! இன்னொரு பட்டறையில் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதும் தப்பல்ல. வைத்தியத்தில் செய்வதில்லையா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் சிக்கனம் கூடவே கூடாது. அவற்றைச் சரி செய்யப் பணமில்லை என்றால் வண்டி ஓடக் கூடாது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பில்லில் வராத செலவு

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பழைய வண்டியின் பெரிய செலவு எந்தப் பில்லிலும் வருவதில்லை. அது, வண்டி நின்ற நாள்!

வண்டி பட்டறையில் நிற்கிற அன்றைக்கு வாடகை கிடையாது. அது மட்டுமா? விடியற்காலை நாலு மணிக்கு வர வேண்டிய வண்டி வரவில்லையென்றால் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். வேறு வண்டியைக் கூப்பிடுவார். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை உங்கள் வீட்டுக்காரருக்குப் போனே வராது.

இந்தக் கணக்கைப் பட்டறைக்காரர் எழுத மாட்டார், வண்டியோட்டுபவரும் மறந்துவிடுவார். எழுதக்கூடியவர் நீங்கள்தான். சுவரில் மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறது அல்லவா? எந்த நாளில் வண்டி ரிப்பேரால் கிளம்பவில்லையோ, சாப்பாட்டுத் தூக்கு வீட்டிலேயே தங்கிவிட்டதோ, அந்த நாளின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பாதி நாள் போனால் ஒரு கோடு. பக்கத்திலேயே ரிப்பேருக்குக் கொடுத்த தொகையையும் எழுதுங்கள். ஆறு மாதம் எழுதினால் போதும். எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாத உண்மையை உங்கள் சுவர் சொல்லும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக் கொள்வோம். வண்டிக்குப் பன்னிரண்டு வயது. சட்டம் கெட்டி. இன்ஜின் வேலைக்கு 70,000 ரூபாய். செலவெல்லாம் போக ஒரு நாளைக்குக் கையில் நிற்பது 1,200 ரூபாய். இவையெல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த எண்கள். உங்கள் வீட்டு எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக் கொள்ளுங்கள்.

பழைய வண்டி: இன்ஜின் வேலை இரண்டு வருடம் தாங்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 2,917 ரூபாய். சில்லறை ரிப்பேர் 3,000. மாதம் இரண்டு நாள் நின்றால் 2,400. புது வண்டியை விடக் கூடுதலாகக் குடிக்கும் டீசல் 1,500. ஆக மாதம் 9,817 ரூபாய்.

புது வண்டி: விலை 6,50,000 என்று வைப்போம். பழையதை விற்று 90,000. நகையை வைத்து 60,000. மீதி 5,00,000 கடன். 12 சதவீத வட்டியில் 48 மாதத் தவணையானால் மாத டியூ 13,167 ரூபாய். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், நகைக் கடன் வட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 2,300. ஆக 15,467. ஆனால் நாலு வருடம் கழித்து அந்த வண்டிக்கும் விலை உண்டு. 2,40,000-க்குப் போகும் என்று வைத்து, முதலில் போட்ட 1,50,000-ஐக் கழித்தால், 90,000 மிச்சம். மாதத்துக்கு 1,875. அதைக் குறைத்தால் 13,592 ரூபாய்.

பழையதற்கு 9,817, புதியதற்கு 13,592. பழையதே மேல்! எழுபதாயிரம் என்று கேட்டுத் தலை சுற்றினோமே, அதைக் கொடுத்த பிறகும் பழையதுதான் லாபம்.

அவசரப்படாதீர்கள். இந்தக் குடும்பத்தின் காலண்டரில் மாதத்துக்கு இரண்டு பெருக்கல் குறிக்குப் பதிலாக ஆறு இருந்தால்? 4,800 ரூபாய் கூடிவிடுகிறது. பழைய வண்டியின் செலவு 14,617 ஆகிறது. இப்போது புதியதே மேல்!

கவனித்தீர்களா? ரிப்பேர் பில் ஒரு பைசா மாறவில்லை. மாறியது நின்ற நாட்கள்தான். முடிவைத் திருப்பியது அந்த நாலு பெருக்கல் குறிகள்!

இன்னொன்றும் உண்டு. கணக்கில் லாபம் வேறு. கையில் காசு வேறு. நாலு வருடம் கழித்து வரப்போகும் விலையைக் காட்டி இந்த மாத டியூவைக் கட்ட முடியாது. ஆடி மாதத்தில் கல்யாண லோடு கிடையாது. ஐப்பசி அடைமழையில் வாடகை குறையும். டியூ மட்டும் ஆடியும் பார்க்காது, அடைமழையும் பார்க்காது. ஆகவே வருடத்தின் மிக மோசமான மாதத்தில் என்ன வருமானம் வந்ததோ, அதிலிருந்து டியூவும் கட்டி, அரிசி பருப்பும் வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் புது வண்டிக்கு இன்னும் காலம் வரவில்லை.

வட்டியில் இரண்டு தினுசு

கடன் வாங்குவதென்று தீர்மானித்தால், "வட்டி எத்தனை?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "ஃப்ளாட்டா, அசல் குறையக் குறையக் குறையும் வட்டியா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது தினுசில், நீங்கள் கட்டிய அசலைக் கழித்து மீதிக்கு மட்டும் வட்டி. மேலே சொன்ன 13,167 அந்தக் கணக்குதான். ஃப்ளாட் என்றால், பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு ஐந்து லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். அதே 12 சதவீதம், அதே நாலு வருடம். வட்டி மட்டும் 2,40,000 ஆகிறது. மாத டியூ 15,417. வித்தியாசம் மாதம் 2,250 ரூபாய். மொத்தம் 1,08,000 ரூபாய். இரண்டையும் '12 சதவீதம்' என்றே சொல்லலாம்; சொல்கிறவர் பொய் சொன்னதாகவும் ஆகாது!

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் ஐந்து லட்ச ரூபாய் விலையுள்ள வண்டியில் இது ஐம்பதாயிரம் ரூபாய். பழைய விலைப் பட்டியலை வைத்துக் கொண்டு யோசிக்க வேண்டாம்.

2020 ஏப்ரல் முதல் விற்கிற வண்டிகள் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஊருக்கு நல்லதுதான். ஆனால் அவற்றில் சென்சார்களும் கம்ப்யூட்டரும் அதிகம். தெருமுனை மெக்கானிக் ஸ்பானரை மட்டும் வைத்துக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியாது. உங்கள் பக்கத்தில் அதற்குரிய சர்வீஸ் இருக்கிறதா என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

எஃப்.சி. என்கிற ஆயுள் ரேகை

"பத்து வருஷமானால் டீசல் வண்டி ஓடக் கூடாதாமே?" என்று பலர் பயப்படுகிறார்கள். அது 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டில்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் இட்ட உத்தரவைப் பற்றிய பேச்சு. நம் ஊரில் சரக்கு வண்டிக்கு ஆயுள் ரேகை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுதான். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. எட்டைத் தாண்டினால் வருடா வருடம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவதற்காக டிங்கரிங், பெயின்ட் என்று ஒவ்வொரு வருடமும் சில நாட்கள் போகும். வயது ஏறினால் கட்டணமும் ஏறும். பழைய வண்டியின் கணக்கில் இதையும் மறக்காமல் எழுதுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு

பழையதும் வேண்டாம், புதியதும் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு, நாலைந்து வயதான இன்னொரு வண்டி. புது வண்டியின் விலை முதல் சில வருடங்களில்தான் வேகமாகச் சரிகிறது. இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே நாலு வயது தாண்டினால் மதிப்பில் பாதி கழித்துவிடுகிறார்கள். அந்தச் சரிவை வேறொருவர் தாங்கிய பிறகு நீங்கள் வாங்குகிறீர்கள்.

ஆனால் சுத்தியல் சோதனை இங்கேதான் ரொம்ப அவசியம். ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, அபராத பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு இன்ஷூரன்ஸில் பெயர் மாற்ற 14 நாளைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வழியனுப்பும்போது

கொடுப்பது என்று முடிவாகிவிட்டால் முறையாகக் கொடுங்கள். "காயலான் கடையில் போட்டேன், காசு வாங்கினேன், விட்டது தொல்லை" என்று இருந்துவிடக் கூடாது. வண்டி கைமாறினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்கள் வீட்டுக்காரர் பெயரே நின்றால், நாளை அது ஒரு விபத்தில் சிக்கும்போது அவரைத்தான் தேடி வருவார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆகவே 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வண்டியை உடைக்கத்தான் கொடுப்பதென்றால், அரசாங்கப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கலாம். 2021-ல் வந்த விதிகளின்படி, அந்தச் சான்றைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரவும் அந்த விதிகள் இடம் கொடுக்கின்றன. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது குட்டி யானைக்கும் பொருந்தத்தான் செய்கிறது!

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, மனசு என்று ஒன்று இருக்கிறது. முன் கண்ணாடியில் மகள் பெயரை எழுதி, ஆயுத பூஜைக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தைச் சம்பாதித்துக் கொடுத்த வண்டி அது. அதை விட மனம் வராவிட்டால் அது பலவீனமல்ல, நன்றி. ஆனால் நன்றிக்காக நஷ்டப்படவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்தார் என்பதற்காக வளையலைக் கழற்றவும் வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தால், மறுத்தும் பேசாதீர்கள். உடனே சம்மதித்தும் விடாதீர்கள். "சட்டத்தைத் தட்டிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பிறகு சுவரிலிருந்து காலண்டரை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். பெருக்கல் குறிகளை இருவருமாக எண்ணுங்கள். வளையல் கையிலேயே இருக்க வேண்டுமா, கொஞ்ச நாள் பாங்கியில் இருக்க வேண்டுமா என்பது அப்போது உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும்.